தீயில் போன காகிதங்கள்... வானத்தை இலவசமாகக் கொடுத்த மனிதரின் கதை!

கையில ரிஸ்ட் வாட்ச் கட்டியிருக்கீங்களா? ஆண்கள் மத்தியில் அது பிரபலமானதில் ஒரு விமானிக்கும் பங்கு உண்டு. பறக்கும்போது பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது கஷ்டமா இருக்குன்னு அவர் சொல்ல, பாரிஸ் நண்பர் லூயி கார்ட்டியே 1904-ல் அவருக்காக ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். அந்த விமானி, ஆல்பர்ட்டோ சான்டோஸ் டுமோன்ட்.

1873-ல் பிரேசிலில் பிறந்தவர். அப்பாவுக்குப் பெரிய காபித் தோட்டம். இளம் வயதிலேயே பாரிஸில் குடியேறினார். 1901 அக்டோபர் 19-ல், தானே வடிவமைத்த ஆகாயக் கப்பலில் ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றிவந்து பெரும் பரிசை வென்றார். அந்தப் பணத்தை என்ன செஞ்சார் தெரியுமா? பாரிஸின் ஏழைகளுக்கும் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்!

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்கள். 1906 அக்டோபர் 23-ல் டுமோன்ட்டின் ‘14-பிஸ்’ விமானம், பாரிஸில் பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே சுமார் 60 மீட்டர் பறந்தது. அடுத்து அவர் உருவாக்கிய ‘டெமாய்செல்’ என்ற குட்டி விமானத்துக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செஞ்சுக்கலாம்னு விட்டுட்டார்.

1910-ல் நோய் வந்தது. பறப்பதை நிறுத்தினார். பிரான்ஸின் கடலோர ஊரான பெனர்வில்லில் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்ப்பது அவர் பொழுதுபோக்கானது. 1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும் அதுவே வினையானது. வெளிநாட்டுக்காரர், தொலைநோக்கி வேறு வைத்திருக்கிறார், ஜெர்மன் உளவாளியாத்தான் இருக்கணும்னு அக்கம்பக்கத்தில் சந்தேகப்பட்டார்கள். அதிகாரிகள் வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். உளவு பார்த்ததற்கு எந்த ஆதாரமும் சிக்கவில்லை.

ஆனா, அந்த அவமானத்தை அவரால் தாங்க முடியலை. எந்த ஊரின் வானத்தில் பறந்து காட்டினாரோ, அந்த நாடே சந்தேகப்பட்டுவிட்டதே! கடிதங்கள், குறிப்புகள், வரைபடங்கள் என வீட்டில் இருந்த காகிதங்களை எரித்துவிட்டார். அவர் எழுதிய புத்தகங்களும், அந்தக் காலப் பத்திரிகைச் செய்திகளும், புகைப்படங்களும் இன்றைக்கும் இருக்கின்றன. ஒரு வடிவத்தை ஏன் கைவிட்டார், எந்த இரவில் என்ன யோசித்தார் என்பதைச் சொல்லும் காகிதங்கள்தான் சாம்பலாகிவிட்டன.

பிறகு தாய்நாடு திரும்பினார். 1932-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, விமானங்கள் சொந்த மக்கள் மீதே குண்டு போட்டன. உடலும் மனமும் ஏற்கெனவே தளர்ந்திருந்தவர், அந்த ஜூலையில் 59 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உங்க வீட்டுப் பரணிலும் தாத்தாவின் டைரியோ அப்பாவின் கடிதங்களோ இருக்கலாம். சுத்தம் பண்ணுங்க, தப்பில்லை. மனசு உடைஞ்சுபோன நாளில் மட்டும் அதில் கை வைக்காதீங்க!