முகம் எழுதிய அரசவை ஓவியர் இரவிவர்மா

இரவிவர்மா என்ற பெயரைக் கேட்டதும், வல்வெட்டித்துறை மக்களாகிய எங்களுக்கு முதலில் நினைவில் எழுவன தாமரைமேல் நிற்கும் இலக்குமியும் வீணை ஏந்திய சரசுவதியுமேயாம். எங்கள் ஊரின் பழைய வீடுகளிற் சுவாமி அறையிலும், வணிகர் கடைகளிலும், கண்ணாடியிட்ட அத்தகைய படங்களுக்கு நாள்தோறும் விளக்கேற்றி வந்தனர். ஆயின், அவருடைய வாழ்வை ஆராய்ந்தபோது எனக்குப் புலனாகியது வேறொன்று. தெய்வங்களின் முகத்தை எழுதப் புகுமுன், அரசர், பிரபுக்கள், அறிஞர் ஆகியோரின் முகங்களை எழுதிக் கைபழகியவர் அவர். அம்முகச் சித்திரங்களின் கதையை அறியாதார், அத்தெய்வப் படங்களின் சிறப்பையும் முற்ற அறியார் என்பது என் துணிபு.

திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக் கிளிமானூர் மாளிகையில் 1848 ஏப்ரில் 29 ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். தாயார் உமையம்பா கவி புனைய வல்லவர். தாய்மாமன் இராசராசவர்மா சித்திரம் தீட்டுவதில் ஈடுபாடுடையவர். மருகனின் கைத்திறனைக் கண்ட மாமனே முதலாசிரியராயினார். 1862 இல், பதினான்கு வயதுச் சிறுவனை அவர் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயிலியம் திருநாள் மகாராசாவின் முன் நிறுத்தினார். மகாராசா அங்கேயே தங்கிப் பயில இடமளித்தார். 1866 இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதியை இரவிவர்மா மணந்தார்.

இடம் கிடைத்தது, கல்வி கிடைத்ததோ? தைலவர்ண ஓவியம் அக்காலத்தில் எம்மவர்க்குப் புதுவது. மதுரையினின்று வந்த அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் அதில் வல்லவர். எனினும் இவ்விளைஞருக்குக் கற்பிக்க அவர் விரும்பவில்லை. அவருடைய மாணாக்கராகிய ஆறுமுகம்பிள்ளையே, ஆசிரியர் அறியாவண்ணம் வந்து, வர்ணங் குழைக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார். 1868 இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தினரைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. அருகே நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தவற்றை இரவிவர்மா தனித்திருந்து மீண்டும் மீண்டும் செய்து தேறினார். ஏகலைவன் கதை நினைவுக்கு வருகின்றதன்றோ? கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்பார் எவருமில்லாதது நமது நற்பேறு.

1870 இல் கள்ளிக்கோட்டை நீதிபதி ஒருவரின் குடும்பத்தைத் தீட்டி அவர் முதன்முதலாக ஊதியம் பெற்றார். 1873 இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மகளின் சித்திரம் தங்கப் பதக்கம் பெற்றது. வியன்னாவிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. சென்னைத் தேசாதிபதியாயிருந்த பக்கிங்காம் கோமகன் அவருடைய சகுந்தலைச் சித்திரத்தை விலைகொடுத்து வாங்கியதோடமையாது, தம்முருவையும் அவரைக்கொண்டே எழுதுவித்தார். ஐரோப்பியர் ஒருவர் கற்பிக்க மறுத்த கலையில், பத்தாண்டுகளுள் ஐரோப்பியக் கோமகன் ஒருவரே அவர்முன் அமர நேர்ந்தது.

எனினும், அரசவை வாழ்வு நிழல் மட்டுமன்று, வெயிலும் உடையது. இரவிவர்மாவை ஆதரித்த அதே ஆயிலியம் திருநாள், அவருடைய சகலனாராகிய கேரளவர்மா வலியகோயித் தம்புரானை 1875 இற் சிறையிலிட்டார். சாகுந்தலத்தை மலையாளத்தில் ஆக்கிய பெரும்புலவர் அவர். மன்னர் இறந்த 1880 இலேதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அரசரையும் எழுதி, அவ்வரசரின் சினத்துக்கு இலக்கான புலவரையும் எழுதிய கை இரவிவர்மாவினுடையது. புதிய மன்னர் விசாகம் திருநாளோடு மனவொற்றுமை நிலைக்காமையால், 1881 இல் அவர் பரோடாவுக்குச் சென்றார்.

அங்கே அழைத்தவர் திவான் மாதவராவ். கும்பகோணத்திற் பிறந்து, முன்னர்த் திருவிதாங்கூரிலும் திவானாயிருந்த அறிஞர். வெண்டலைப்பாகையோடு விளங்கும் அவருடைய உருவத்தையும் இரவிவர்மா தீட்டினார். இளைய மன்னர் சயாஜிராவ், மைசூர்ச் சாமராசேந்திரர், பின்னர் 1901 இல் உதயபுரத்து மகாராணா பதேசிங் எனப் பலர் அவர்முன் அமர்ந்தனர். பரோடா மன்னர் 1888 இற் பணித்த பதினான்கு புராணச் சித்திரங்களில், நளனும் தமயந்தியும் சந்தனுவும் கங்கையும் நம்மிடையே நடமாடும் மாந்தரைப்போல் முகம் பெற்றமைக்கு, இத்தனை முகங்களைக் கூர்ந்து நோக்கிய பயிற்சியே காரணம் என்பேன்.

அதனையே குறையாகக் கண்டோரும் உளர். அவருள் முதன்மையானவர் கொழும்பிற் பிறந்த நம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. தெய்வ வடிவங்களில் நாடகப்பாங்கே மிகுந்து, பாரத உணர்வு குன்றியுள்ளது என்பது அவர் கருத்து. சிற்ப மரபை நோக்க, அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் அது முழுவுண்மையன்று. தெய்வத்தை அணுகவே உரிமையற்றிருந்தோர் நிலையினின்றும் இதனை நோக்குதல் வேண்டும்.

சித்திரங்களை அச்சிட்டுப் பரப்புமாறு முன்னரே யோசனை கூறியவர் மாதவராவ். அவர் 1891 இல் மறைந்தார். 1894 இல் இரவிவர்மா பம்பாயில் வர்ண அச்சகம் நிறுவினார். பொருள் நட்டம் நேர்ந்து, பின்னாளில் அதனை ஜெர்மானியர் ஒருவருக்கு விற்கவும் நேர்ந்தது. ஆயினும் படங்கள் நின்றுவிடவில்லை. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டது 1936 இலேதான். அதற்கு நாற்பதாண்டு முன்னரே, சில காசுக்கு வாங்கிய இலக்குமியின் முகத்தை ஒருவன் தன் குடிசையில் வைத்து வணங்க வழி பிறந்துவிட்டது. கோயில் வாயிலில் மக்களைத் தடுத்து நிறுத்திய வழக்கம் எங்கள் குடாநாட்டிலும் இருந்ததாகலின், இதன் அருமையை நாம் உணராதிருத்தல் ஒண்ணாது.

உடனுழைத்த தம்பி இராசராசவர்மா 1905 இல் மறைந்தார். 1906 அக்டோபர் 2 ஆம் நாள், பிறந்த கிளிமானூரிலேயே இரவிவர்மாவும் கண்மூடினார். திருவனந்தபுரத்து அரும்பொருட்சாலை வளவில் அவருடைய சித்திரங்கள் காட்சிக்கு உள்ளன. அங்கு செல்லும் மாணாக்கர், மனிதர் முகங்களை முதலில் நின்று நோக்குவாராக. வீட்டுச் சுவரில் தொங்கும் இலக்குமியின் முகம் எங்கிருந்து வந்ததென்பது அப்போது விளங்கும்.