தாமஸ் ஹண்ட் மார்கன்

பெரும்புகழ் எய்திய பின்னரும் சிறியதொரு வினாவைக் கைவிடாதிருத்தல் மெய்யறிஞர்க்கு அழகாகும். அத்தகையோருள் ஒருவர் தாமஸ் ஹண்ட் மார்கன்.

இவர் 1866-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1890-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கடல்வாழ் உயிர்களின் முட்டைகளை ஆராய்வதில் இளமை முதலே இவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

சியோனா என்பது பாறைகளிலும் துறைமுகத் தூண்களிலும் ஒட்டி வாழும் சிற்றுயிர். பை போன்ற அதன் உடலிலேயே முட்டையும் விந்தணுவும் ஒருங்கே தோன்றிக் கடல்நீரிற் கலக்கின்றன. ஆயினும், அம்முட்டைகள் தம் உடலில் தோன்றிய விந்தணுவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிறிதோர் உயிரின் விந்தணுவையே ஏற்கின்றன. கண்ணும் செவியும் இல்லாத முட்டை தன்னையும் பிறரையும் எங்ஙனம் பிரித்தறிகின்றது? இவ்வினா மார்கனின் உள்ளத்தைக் கவர்ந்தது.

ஈதர் கலந்த கடல்நீரில் தன் விந்தணுவையே முட்டை ஏற்கச் செய்யலாம் என்பதை அவர் 1904-இல் வெளியிட்டார். தடை நீக்கத்தக்கது என்பது புலனாயிற்று. அஃது எங்குள்ளது என்பதோ விளங்கவில்லை. பின்னர் பழ ஈக்களை ஆராய்ந்து, மரபுப் பண்புகளைத் தாங்குவன குரோமோசோம்களே என நிறுவினார். அப்பெரும்பணிக்கிடையேயும் சியோனாவை அவர் மறந்தாரல்லர். உறை நீக்கிய முட்டை தன் விந்தணுவை ஏற்பதை 1923-இல் எடுத்துக்காட்டினார். முட்டையின் காவல் அதன் உறையிலே உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று.

1933-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. பரிசுப் பணத்தில் உடனுழைத்த இருவரின் மக்கள் கல்விக்கும் பங்களித்தார். முதுமையிலும் கலிபோர்னியக் கடற்கரையில் சியோனாவையே ஆராய்ந்து, 1945-இல் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். சியோனாவின் உறவினமாகிய ஹாலோசிந்தியாவின் விந்தணு, தான் ஏந்திய நொதிகளால் உறைப் புரதத்தைச் சிதைத்து உள்ளே நுழைகின்றது எனக் கண்டனர். நொதி திறவுகோல் எனின், உறையே வாயிற்காவலன். விந்தணுவிலும் உறையிலும் உள்ள அடையாளப் புரதங்கள் ஒத்திருப்பின், சியோனாவின் விந்தணு உறையை விட்டு விலகிவிடுகின்றது என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 2008-இல் கண்டறிந்தனர்.

விடை காணுமுன் வினவியவர் மறைந்தார். எனினும், அவர் எழுப்பிய வினா மறையவில்லை. நல்ல வினாவைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வதும் அறிவுலகிற்குச் செய்யும் அருந்தொண்டேயாம்.