மண் முதல் மோட்டார் வரை: ஹென்றி போர்டின் கதை

திங்கட்கிழமை காலையில் சுரங்கத்தில் வெட்டிய இரும்புக் கல், வியாழக்கிழமை மாலையில் மோட்டார் காராகி ரயில் ஏறிவிடும்! மொத்தம் 81 மணி நேரம். 1926-ல் ஹென்றி போர்டு காட்டிய கணக்கு இது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், 1863-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி, ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் போர்டு. ஏர் பிடிப்பதில் அவர் மனம் செல்லவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மாட்டுவதில்தான் ஆசை. 16-வது வயதில் டெட்ராய்ட் நகரத்துப் பட்டறைக்கு வேலை கற்கப் போனார். 1903-ல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். 1908-ல் அவருடைய ‘டி மாடல்’ கார் வெளிவந்தது. விலை சுமார் 850 டாலர்.

நகர்ந்து வந்த கார்

அதுவரை கார் ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளிகள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அதைத் தேடி வருவார்கள். 1913-ல் போர்டு இதைத் தலைகீழாக மாற்றினார். ஆள் நின்றான், காரின் அடிச்சட்டம் அவனைத் தேடி வந்தது. ஓர் அடிச்சட்டத்தைப் பூட்டிமுடிக்க 12½ மணி நேரம் பிடித்த காலம் போய், 93 நிமிஷம் போதும் என்று ஆயிற்று. பின்னாளில் கார் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

ஆனால் இந்த வேகத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. ஒரு திருகாணி வந்து சேராவிட்டாலும் வரிசை முழுவதும் நின்றுவிடும். அதற்குப் பயந்து கிடங்கை நிரப்பினாலோ, போட்ட பணம் அங்கேயே தூங்கும்!

1920-ல் வியாபாரம் படுத்தது. கடன் நெருக்கியது. போர்டு வங்கிக்காரர்களை நாடவில்லை. தம் கிடங்கைப் பார்த்தார். சுமார் 6 கோடி டாலர் சரக்கு முடங்கிக் கிடந்தது. அந்த வருஷம் அவர் ஒரு ரயில் பாதையையே விலைக்கு வாங்கியிருந்தார். சரக்கு விரைவாக வந்தது. 22 நாள் பிடித்த உற்பத்திச் சுற்று 14 நாளில் முடிந்தது. முடங்கிய பணம் கைக்கு வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விற்காத கார்களை அவர் ஊர் ஊராக இருந்த விற்பனையாளர்களின் தலையில் கட்டி, ரொக்கம் கேட்டார். அவர்கள் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். போர்டின் பாரம் இறங்கியது. அவர்கள் தோளில் ஏறியது.

எல்லாம் சொந்தம்

பிறரை நம்பினால்தானே தாமதம்? ரூஜ் நதிக்கரையில் மாபெரும் தொழிற்சாலை எழுப்பினார். இரும்புச் சுரங்கம், நிலக்கரிச் சுரங்கம், காடு, கப்பல் எல்லாம் அவருக்கே சொந்தம். மிஞ்சிய மரத்துண்டுகளைக்கூடக் கரியாக்கி விற்றார்.

ரப்பர் மட்டும் பிடிபடவில்லை. மலேயா, இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பால் எடுத்த ரப்பர், உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1922-ல் பிரிட்டிஷார் அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். உடனே சொந்தத் தோட்டம் போட நினைத்தார் போர்டு. 1927-ல் பிரேஸில் நாட்டின் அமேஸான் காட்டில் நிலம் பெற்றார். ‘போர்டுலாந்தியா’ என்று ஓர் ஊரே எழுந்தது. மரங்களை நெருக்கி நட்டார்கள். இலை நோய் மரத்துக்கு மரம் தாவியது. 1945-ல் தோட்டத்தைப் பிரேஸில் அரசுக்கே விற்றுவிட்டுக் கம்பெனி வெளியேறியது.

1950-ல் ஜப்பானிலிருந்து டொயோட்டா கம்பெனியின் எய்ஜி டொயோடா ரூஜ் தொழிற்சாலைக்கு வந்து பாடம் கற்றார். தேங்காமல் ஓடும் ஓட்டத்தை டொயோட்டா எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் சொந்தமாக்கும் ஆசையை விட்டுவிட்டது. வெளியார் செய்யும் பாகங்கள் வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் வந்தால் போதும் என்பது அதன் வழி.

அதைக் காணப் போர்டு உயிரோடு இல்லை. 1947 ஏப்ரல் 7-ந் தேதி அதே ரூஜ் நதியில் வெள்ளம் வந்தது. அவர் மாளிகைக்கு விளக்கேற்றிய மின்சார நிலையமும் அவருடைய சொந்தம்தான். வெள்ளத்தில் அது நின்றுபோயிற்று. அன்றிரவு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், 83 வயதில் ஹென்றி போர்டு கண்மூடினார்.