மீஞ்சூர் பக்தவத்சலம்: வழக்குரைஞர் அமைச்சரானபோது

மீ. பக்தவத்சலத்தின் பெயருக்கு முன்னுள்ள எழுத்து மீஞ்சூரைக் குறிக்கும். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அது. அவர் பிறந்தது பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டையில், 1897 அக்டோபர் 9 அன்று. இரண்டு ஊர்களும் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன; அன்று இவையெல்லாம் செங்கற்பட்டு மாவட்டம். தமிழக அரசியல் வரலாற்றெழுத்தில் பக்தவத்சலம் பெரும்பாலும் 1965ஆம் ஆண்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த ஆண்டில் அவர் நடந்துகொண்ட முறையை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்தைய நாற்பதாண்டுகளைக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இளமையில் தந்தையை இழந்த அவரை வளர்த்தவர்கள் தாய்மாமன்மார். அவர்களுள் சி. என். முத்துரங்க முதலியார் காங்கிரசில் முன்னணியில் நின்றவர். ஆகவே சட்டமும் அரசியலும் ஒரே வீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்தன எனலாம். 1923இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றார். 1932இல் சிறை சென்றார். 1937 தேர்தலில் திருவள்ளூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் புகுந்து, இராஜாஜி அரசில் உள்ளாட்சித்துறையின் சட்டமன்றச் செயலாளரானார். மேடைப்பேச்சினும் கோப்பும் விதியுமே அவருக்கு இயல்பான களம் என்பது இப்பதவியிலேயே வெளிப்படத் தொடங்கியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது அமராவதிச் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலைக் காலத்தில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் பொதுப்பணித்துறையை ஏற்றார். கீழ்பவானி அணைப்பணி தொடங்கியது அக்காலத்தில்தான்.

1954ஆம் ஆண்டு நிகழ்வொன்று அவரது அரசியல் நிலையைத் துலக்குகிறது. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசருக்கு எதிராகச் சி. சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலமே. காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். வென்றவர் இருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எதிரணியில் நின்றவரை விலக்காமல் வேளாண்மை, உள்துறை ஆகிய பொறுப்புகளைக் காமராசர் அவரிடம் ஒப்படைத்தமைக்கு அவரது நிர்வாகத்திறனே காரணமாதல் கூடும். 1963 அக்டோபர் 2 அன்று காமராசர் பதவி விலகியபோது முதலமைச்சர் பொறுப்பும் அவரிடமே வந்தது. தொழில்துறை ஆர். வெங்கட்ராமனிடம் இருந்தது, அவரும் வழக்குரைஞரே. அம்பத்தூரும் ஆவடியும் ஆலைப்பகுதிகளாக உருப்பெற்ற காலம் அது. ஆவடியில் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி 1965இல் வெளிவந்தது.

மொழிச்சிக்கலே அவரது வாழ்வின் கடினமான பகுதி. அரசியலமைப்பு குறித்த பதினைந்தாண்டுக் கெடு 1965 சனவரி 26 அன்று முடிவுற இருந்தது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என இடமளித்தது. அவ்விடம் உறுதிமொழியாகுமா, வெறும் அனுமதியா என்பதில்தான் தமிழகத்தின் ஐயம் தங்கியிருந்தது. பக்தவத்சலம் இதனைச் சட்டத்தின் சொற்களுக்குள் வைத்தே நோக்கினார். கீழப்பழுவூர் சின்னச்சாமி 1964 சனவரியில் திருச்சியில் தீக்குளித்திருந்தார். அதற்குப் பின்னரும் மார்ச்சில் மும்மொழித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அவர் பரிந்துரைத்தார். 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது அதனைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கையாண்டார். அண்ணா முன்னதாகவே கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ எழுபது பேர் உயிரிழந்தனர். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். 1954இல் பக்தவத்சலம் முன்மொழிந்த அதே சுப்பிரமணியம் இப்போது எதிர்முடிவெடுத்தார். மத்திய அமைச்சரவையில் இருந்தோர் உணர்ந்த வெப்பத்தைக் கோட்டையில் இருந்தவர் உணராமற் போனதற்கு அறியாமையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. உணர்ச்சியை ஆதாரமாக ஏற்காத நீதிமன்றப் பயிற்சியும் அதில் செயல்பட்டது எனக் கருத இடமுண்டு. இவ்விளக்கம் உயிரிழப்புகளுக்கான பொறுப்பை அவரிடமிருந்து நீக்கிவிடாது.

அடுத்து அரிசித் தட்டுப்பாடு வந்தது. 1967 தேர்தலில் திருப்பெரும்புதூரில் அவரே தோற்றார். மார்ச் 6 அன்று ஆட்சி அண்ணாவிடம் சென்றது. அதன்பின் காங்கிரஸ் முதலமைச்சர் எவரும் தமிழகத்தில் பதவியேற்கவில்லை. 1987இல் மறைந்த பக்தவத்சலத்தின் நினைவிடம் கிண்டியில், காந்தி மண்டபத்தை அடுத்து, காமராசர் நினைவிடத்துக்கு அருகிலேயே அமைந்துள்ளது.