விலைக்கு அப்பால் நின்ற சேகரிப்பாளர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், ராஜகுளம்)

மார்கழித் திருவாதிரை வந்தால், எங்கள் ராஜகுளத்தை அடுத்த ஒரு சிறு சிவன் கோயிலுக்கு நடராசர் வேனில் வருவார். ஆண்டு முழுவதும் அவர் இருப்பது வேறோர் ஊரில், பெரிய கோயிலொன்றின் பாதுகாப்பு அறையில். காலையில் கையொப்பமிட்டு அழைத்து வருவார்கள். அபிஷேகமும் வீதியுலாவும் முடிந்ததும் இரவுக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாண்டுகளுக்கு முன் வேன் புறப்பட்டபோது, சாமியை ஏன் நம் ஊரிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்று என் ஆயா கேட்டார். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள், அதனால் திருட்டுப் பயம் என்றேன். வாங்கி என்ன செய்வார்கள், பால் ஊற்றுவார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத ஆயாவின் கேள்விக்கு, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என்னால் விடை கூற இயலவில்லை.

அதே ஆண்டு சென்னையில் ஒரு கைவினைப் பொருள் கடைக்குள் நுழைந்தேன். அங்கிருந்த வெண்கலப் பிள்ளையாரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. லிமிடெட் எடிஷன் என்றும், நூற்றில் பதினேழாவது என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். இப்போது வாங்கிப் பத்தாண்டு கழித்து விற்றால் இரு மடங்கு கிடைக்கும் என்று கடைக்காரர் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையாரின் முக அழகைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சிலை சேர்ப்பவர்களுக்கு எண்ணிக்கைக் குறைவும் மறுவிற்பனை விலையும்தாம் முக்கியமா? இவ்வினாவோடு நூல்களைப் புரட்டியபோது எதிர்ப்பட்டவர்தான் ஆனந்த குமாரசுவாமி. அவர் சிலை சேர்த்தவர். தம் சேர்ப்பை விற்றவர். எண்ணிக்கை வரையறுத்து நூல் அச்சிட்டவர். அனைத்திற்கும் மேலாக, நம்மைப் போல் அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். எனவே அவர் வாழ்க்கையை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அறிவியலில் தொடங்கிய வாழ்வு

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர், வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயதாகும் முன்னரே, 1879 இல் தந்தை காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் தாயின் பராமரிப்பில் வளர்ந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார். பின்னர் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநராகி, 1903 முதல் 1906 வரை அத்தீவின் காடுகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் சுத்தியலும் பையுமாக அலைந்தார். செரண்டிபைட் என்னும் கனிமத்தை 1903 இல் உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர் இவரே. தோரியம் ஆக்சைடு மிகுந்த தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தை 1904 இல் கண்டெடுத்தவரும் இவரே. வேதியியல் வகுப்பில் தோரியம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இனி இவர் நினைவுதான் வரும். 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது.

கனிமம் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டிப் பகுதியின் தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் கைத்தொழில்கள் மலிவான இறக்குமதிச் சரக்கின் முன் மடிந்துகொண்டிருந்தன. பூமிக்குள் இருப்பவை இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கும். மனிதன் கையிலிருக்கும் திறமையோ ஒரு தலைமுறையில் அழிந்துவிடும். இதை உணர்ந்தவர் கல்லைத் தேடுவதை விட்டுக் கலையைத் தேடலானார்.

நானூற்று இருபத்தைந்து பிரதிகள்

இலங்கையில் திரட்டிய செய்திகளை இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக்கினார். படங்கள் பலவற்றை எடுத்துத் தந்தவர் அவருடைய துணைவியார் எதெல். இங்கிலாந்தில் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மாரிஸ் என்ற புகழ்பெற்ற கைவினைக் கலைஞர் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. 1907 செப்டம்பரில் தொடங்கிய அச்சுவேலை 1908 டிசம்பரில்தான் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள்.

இதுவும் ஒரு லிமிடெட் எடிஷன்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். எண்ணிக்கையளவில் ஆம். ஆனால் அது குறைந்ததன் காரணத்தை நோக்க வேண்டும். கையால் அச்சிடும் பொறியில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மனிதனின் உழைப்பு வேண்டும். பதினைந்து மாத உழைப்பு எவ்வளவு தருமோ அவ்வளவே பிரதிகள். நான் கண்ட பிள்ளையார் அட்டையிலோ நூறு என்ற எண் உழைப்பின் எல்லையால் வந்ததன்று; விலையை உயர்த்துவதற்காக வகுத்தது. வேலையால் ஏற்படும் அருமை ஒன்று. வியாபாரத்தால் ஏற்படுத்தும் அருமை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய எனக்குக் கற்பித்தது அந்த நூலின் வரலாறே.

நம் செப்புத் திருமேனிகளையே எடுத்துக்கொள்வோம். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி ஓடிவிட, உள்ளே வெற்றிடம் நிற்கும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வாறு உருக்கிய உலோகத்தை அவ்வெற்றிடத்தில் வார்ப்பார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அடுத்த சிலைக்கு மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். ஆதலால் இவ்வாறு வார்த்த ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்றுதான். அதற்கு எண் பொறித்த அட்டை தேவையில்லை.

பிரெஞ்சுச் சிற்பி ரோடனின் சிலைகள் இதற்கு மாறானவை. மூல உருவிலிருந்து மீண்டும் மீண்டும் அச்செடுத்து வார்க்கப்படுபவை. பிரெஞ்சுச் சட்டப்படி ஓர் உருவத்திற்குப் பன்னிரண்டு வார்ப்புகள் வரையே அசல் எனக் கொள்ளப்படும். எட்டுக்கு 1/8 முதல் 8/8 வரை எண்ணும், நான்கிற்கு ரோமன் எண்ணும் இடுவார்கள். 1916 இல் தம் படைப்புகளையும் உரிமைகளையும் ரோடன் அரசுக்கு அளித்ததால், 1917 இல் அவர் மறைந்த பின்னும் பாரிசிலுள்ள ரோடன் அருங்காட்சியகம் வார்ப்புகள் செய்தது. இத்தகைய சிலைகளில் வாங்குபவர் ஏமாறாமலிருக்க எண் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ரோடனே சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு மயங்கி ஒரு கட்டுரை எழுதினார். திருவாலங்காட்டில் கிடைத்த அந்நடராசரைப் பற்றி அவர் எழுதியது 1921 இல் நூலாக வந்தபோது, உடன் எழுதியவர்களுள் குமாரசுவாமியும் ஒருவர். படத்தை மட்டுமே பார்த்த ரோடன் அதன் எண்ணையோ விலையையோ தேடவில்லை.

காசியில் எழாத காட்சிச்சாலை

1910 ஆம் ஆண்டளவில் குமாரசுவாமி இந்தியா முழுவதும் சுற்றினார். அலகாபாத் கண்காட்சியில் கலைப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். ராஜபுத்திர ஓவியங்களை யாரும் பொருட்படுத்தாத காலத்தில் அவற்றை வாங்கிச் சேர்த்தார். செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களும் அச்சேர்ப்பில் இடம்பெற்றன. கொழும்பு அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1914 இல் தனி நூல் எழுதினார்.

சேர்த்ததை அவர் என்ன செய்ய விரும்பினார்? காசியில் ஒரு தேசியக் காட்சிச்சாலை எழுப்பப்பட்டால் தம் சேர்ப்பு முழுவதையும் நாட்டுக்கே தருவதாகக் கூறினார். அதற்குப் பணம் திரளவில்லை. அரண்மனைகளும் செல்வர்களும் நிறைந்திருந்த நாட்டில் ஒரு கட்டடம் எழவில்லை!

அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. அடிமைப்பட்ட நாட்டின் மகனாகிய அவர் பிரிட்டனுக்காகப் போரிட உடன்படவில்லை. 1917 இல் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய டென்மன் ராஸ் என்னும் செல்வர் அவருடைய சேர்ப்பை வாங்கி அந்த அருங்காட்சியகத்திற்கே அளித்தார். குமாரசுவாமி அங்கு இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார்.

இங்கே என் மனம் சிறிது தடுமாறியதை மறைக்க விரும்பவில்லை. நம் நாட்டுச் செல்வம் கடல் கடந்து போனதற்கு அவரும் காரணம்தானே? சிலையை விற்றவர் எவராயினும் விற்றவர்தானே? பல நாள் எண்ணிய பின் எனக்குத் தோன்றியது இதுதான். பழம்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லத் தடைவிதிக்கும் தொல்பொருள் சட்டம் 1972 இல்தான் வந்தது. அன்று அவர் முதலில் தம் நாட்டையே நாடினார். சேர்ப்பைத் துண்டுதுண்டாக ஏலம் விட்டு விலையைப் பெருக்கவும் முனையவில்லை. அது ஒரே இடத்தில், மாணவர் காண, நிலைத்திருக்க வழி செய்தார். எனினும் நம் பிள்ளைகள் அவற்றைக் காண பாஸ்டனுக்குப் போகவேண்டியிருப்பது நட்டமே. அந்த நட்டத்தில் அவர் பங்கு சிறிது. காட்சிச்சாலை எழுப்பாத நம் பங்கே பெரிது.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள்

அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் செய்த வேலை பட்டியலிடுவதும் விளக்குவதுமே. இது எந்த ஊர், எந்தக் காலம், எந்தத் தெய்வம், கையில் இருப்பது என்ன, ஏன் இந்த அமைதி என்று ஒவ்வொரு பொருளையும் ஆராய்ந்து பதிந்தார். 1918 இல் வெளிவந்த சிவானந்த நடனம் பற்றிய நூல் நடராச தத்துவத்தை மேனாட்டாருக்கு உணர்த்தியது. 1927 இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். கலைப்பொருள் எதுவும் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டதன்று, வாழ்க்கையில் ஒரு பயனுக்காகவே செய்யப்பட்டது என்பது அவர் முடிவு. அப்பயனை விளக்காத காட்சிச்சாலை வெறும் விநோதப் பொருள்களின் கிடங்கு என்றே அவர் கருதினார். வாழ்நாளெல்லாம் காட்சிச்சாலையில் உழைத்தவர் சொன்னது இது! பால் ஊற்றுவார்களா என்று என் ஆயா கேட்டதும் வேறொன்றில்லையே.

பயனை மறந்து விலையை மட்டும் நினைத்தால் என்னவாகும் என்பதற்கு நம் தஞ்சைத் தரணியே சாட்சி. கும்பகோணம் அருகே சிவபுரத்து நடராசர் 1950களில் பழுதுபார்க்க அனுப்பப்பட்டார். திரும்பி வந்தது போலி. அசல் கைமாறிக் கைமாறி, 1973 இல் நார்ட்டன் சைமன் என்னும் அமெரிக்கச் செல்வரிடம் 9 லட்சம் டாலருக்குப் போயிற்று. வழக்குக்குப் பின் 1986 இல் நாடு திரும்பியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை 2008 இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, 2014 இல் திருப்பித் தந்தது. உலோகத்தை மட்டும் நிறுத்தால் பாத்திரக்கடை விலைதான். மீதியெல்லாம் ஒன்றே ஒன்று என்ற அருமைக்கும் மறுவிற்பனை ஆசைக்கும் கொடுத்த விலை. அந்த ஆசையின் சுமையைத் தாங்குவது வாங்கியவர் அல்லர். பூட்டிய அறையில் தெய்வத்தை வைத்துவிட்டு வெறும் மண்டபத்தில் விளக்கேற்றும் சிற்றூர்களே.

ஸ்ரீபுரந்தான் நடராசர் திரும்பிவரப் பெருந்துணையாயிருந்தவை எவை தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994 இல் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள். பதிவு இருக்கும் சிலையைத் திருடன் நெடுநாள் விற்க முடியாது. நேர்மையான காட்சிச்சாலை வாங்காது. ஏலத்தில் விலை போகாது. குமாரசுவாமி முப்பது ஆண்டுகள் பொறுமையாகச் செய்த பதிவு வேலையின் அருமை இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

1947 ஆகஸ்டு 22 அன்று குமாரசுவாமிக்கு எழுபது வயது நிறைந்தது. இந்தியா விடுதலை பெற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியா திரும்பி, இறுதிக் காலத்தை இங்கே கழிக்க அவர் எண்ணியிருந்தார். அது நிறைவேறவில்லை. செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் காலமானார்.

சிலை சேர்ப்பவருக்கு எண்ணிக்கையும் மறுவிலையும் முக்கியமா என்று கேட்டேன். வணிகனுக்கு முக்கியம், போலியைக் கண்டறிய ஓரளவு எவர்க்கும் உதவும். ஆனால் இது யாருடையது, எதற்காகச் செய்யப்பட்டது என்ற இரு கேள்விகளுக்குப் பின்னரே அவை வரவேண்டும். இதுவே அப்பெரியார் வாழ்க்கையில் நான் கற்ற பாடம்.

சென்ற திருவாதிரைக்கு நடராசர் வந்தபோது, கோயில் பெரியவர்களிடம் அனுமதி பெற்று, நான்கு பக்கமும் ஒளிப்படம் எடுத்தேன். உயரத்தையும், பீடத்தின் அகலத்தையும், இடக்கை விரலொன்றில் உள்ள தேய்மானத்தையும் குறித்து வைத்தேன். ஒரு படியைக் கோயிலில் கொடுத்துவிட்டேன். எதற்கடா இதெல்லாம் என்று ஆயா கேட்டார். இந்த முறை விடை சொல்ல முடிந்தது: சாமி எங்கே போனாலும் நம் ஊர்ச் சாமி என்று நிரூபிக்க. நண்பர்களே, உங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படி ஒரு நாள் செலவிடுங்கள். அறிவியல் மாணவருக்கு அளப்பதும் குறிப்பதும் புதிதன்று. கலாயோகி தொடங்கியதும் அங்கிருந்துதான்.