பார்வை மங்கிய சிறுவன் கிதார் மேதை ஆனான்!

ஸ்பெயின் நாட்டின் கிழக்குப் பகுதியில் வில்லார்ரியால் என்று ஓர் ஊர். அங்கே 1852-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரான்சிஸ்கோ தாரெகா என்று பெயர் வைத்தார்கள். தகப்பனார் ஒரு மடத்தில் காவல்காரர். ஓய்வு நேரத்தில் கிதார் வாசிப்பார். மற்றபடி சொத்து சுகம் ஒன்றும் கிடையாது.

சிறு குழந்தையாக இருந்தபோது, தாரெகா தன் ஆயாவிடமிருந்து தப்பி ஓடினான். ஓடியவன் பாசனக் கால்வாயில் விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தது. ஆனால், கண்கள் கெட்டன.

தகப்பன் கவலை

தகப்பனாரின் மனம் உடைந்தது. பார்வை அடியோடு போய்விட்டால் பிள்ளை எப்படிப் பிழைப்பான்? சங்கீதம் தெரிந்தால் கண் இல்லாவிட்டாலும் கஞ்சி குடிக்கலாம் என்று முடிவு செய்தார். பையனுக்குச் சங்கீதம் கற்பிப்பதற்காகவே குடும்பத்தோடு காஸ்டெல்லோன் நகருக்குக் குடியேறினார். பையனுக்கு முதலில் பாடம் சொல்லிக் கொடுத்த இருவருமே கண் தெரியாதவர்கள்!

1862-ல் ஜூலியன் ஆர்காஸ் என்ற கிதார் வித்வான் அந்த ஊரில் கச்சேரி செய்ய வந்தார். பையன் வாசிப்பதைக் கேட்டார். இவனைப் பார்சிலோனாவுக்கு அனுப்பிப் படிக்க வையுங்கள் என்று யோசனை சொன்னார். தகப்பனாரும் சம்மதித்தார். ஆனால், பியானோவும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் கிதாருக்கு மதிப்பு இல்லை. பாட்டுக்கும் கூத்துக்கும் துணை வாத்தியம் என்றே பலர் நினைத்தார்கள். பெரிய மண்டபங்களில் பியானோவுக்குத்தான் மரியாதை.

பார்சிலோனாவில் ஆர்காஸ் கச்சேரிப் பயணம் புறப்பட்டுப் போய்விட்டார். 10 வயதுப் பையன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப் போய், காப்பிக் கடைகளில் கிதார் வாசித்தான். தகப்பனார் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். சில ஆண்டுகளில் மறுபடியும் ஓடினான். கிதார் ஆசை அவனை விடவில்லை.

கிதாருக்கு வந்த மரியாதை

1869-ல் செவில் நகரில் டோரஸ் என்ற கைதேர்ந்த தொழிலாளி செய்த கிதார் ஒன்று தாரெகாவுக்குக் கிடைத்தது. அதன் ஒலி கணீர் என்று இருந்தது. 1874-ல் மாட்ரிட் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் கிதாரே கதி என்று இருந்தார். பாக், பீத்தோவன், ஷோப்பின் போன்ற மேதைகளின் இசையை ஆறே தந்திகளில் வாசிக்கும்படி மாற்றி எழுதினார்.

சொந்தமாகவும் பல உருப்படிகள் செய்தார். அல்ஹம்ப்ரா அரண்மனையின் நினைவாக அவர் செய்த உருப்படி உலகப் புகழ் பெற்றது. கட்டைவிரல் துணை சுரங்களை நிதானமாக மீட்டும். மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை மாறி மாறி வேகமாகத் தட்டும். கேட்பவர்களுக்கு, இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும்!

எப்படி உட்கார்வது, விரலை எப்படி வைப்பது என்பதையெல்லாம் மாணவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இடது காலைச் சிறு பலகைமீது வைத்து, கிதாரை இடது தொடையில் நிறுத்தி வாசிக்கும் முறை அவரால் நிலைபெற்றது. அவருடைய மாணவர்களான லியோபெத், புஜோல் இருவரும் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டு போனார்கள்.

வலது பக்கம் செயல் இழந்தது

1906-ல் பேரிடி விழுந்தது. பக்கவாதம் தாக்கி, உடம்பின் வலது பக்கம் செயலற்றுப் போயிற்று. தந்தியை மீட்டுவது வலது கைதானே! ஆனாலும் தாரெகா கிதாரைக் கீழே வைக்கவில்லை. முழுக் குணம் ஏற்படவில்லை என்றாலும், மறுபடியும் மேடை ஏறி வாசித்தார். 1909-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பார்சிலோனாவில் காலமானார்.

அவருடைய வால்ஸ் இசை ஒன்றில் வரும் சிறு துண்டைத்தான் நோக்கியா கம்பெனி 1990-களில் தன் செல்போன் மணியாக வைத்தது. அதைக் கேட்காத காது குறைவு!

இன்று மேல்நாட்டுப் பள்ளிகளில் கிதார் படிக்கும் சிறுவர் சிறுமியர், காலைப் பலகைமீது வைத்து அவர் காட்டிய முறையில் உட்காருகிறார்கள். கொஞ்சம் தேறியதும் 'லாக்ரிமா' என்ற அவருடைய சிறிய உருப்படியை வாசிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கண்ணீர்த் துளி என்று பொருள்.

மகன் பிழைக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் அந்தக் காவல்காரர் சங்கீதம் கற்பித்தார். அந்தக் கல்வி உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடமாகிவிட்டது.