சிறு வருவாயில் சீர்மிகு வாழ்வு: மௌலானா ஹஸ்ரத் மோஹானி (ரஹ்)

திருப்பூர்ப் பகுதியில் பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை என்பது கணக்குப் பார்க்கும் நாள். வாரக் கூலி கைக்கு வருகிறது. அன்றிரவே வீட்டு வாடகைக்கு ஒரு பங்கும், மளிகைக் கடைப் பாக்கிக்கு ஒரு பங்கும், பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு பங்கும் பிரிந்து போகின்றன. மிச்சமிருப்பதில் அடுத்த சனிக்கிழமை வரை அடுப்பெரிய வேண்டும். தையல் மெஷினில் அமரும் கணவனும், வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டிக் கொடுக்கும் மனைவியும் சேர்ந்து உழைத்தும் பற்றாக்குறை தீராத வீடுகள் பல.

இத்தகைய வீடுகளுக்குச் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. வாழ்ந்து காட்டுவதுதான் அரிது. அவ்வாறு வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றைச் சகோதர, சகோதரிகள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் துணிக்கடை நடத்தியவர் என்பதால் நூலோடும் துணியோடும் பிழைக்கும் நம் மக்களுக்கு அவர் அந்நியரும் அல்லர்.

ஸய்யித் ஃபஸ்லுல் ஹஸன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். உத்தரப் பிரதேசத்தில், லக்னோவுக்கு அருகில் உன்னாவ் மாவட்டத்திலுள்ள மோஹான் அவருடைய சொந்த ஊர். ஹஸ்ரத் என்பது கவிதைக்காக அவர் சூடிக்கொண்ட பெயர். அதனால் ஹஸ்ரத் மோஹானி என்றே உலகம் அவரை அறிந்தது. அலிகர் கல்லூரியில் பயின்று 1903-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டதாரி ஒருவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைப்பது கடினமல்ல. நல்ல சம்பளம், பங்களா, சேவகர் என்று வாழ்ந்திருக்கலாம். அந்த வழியை அவர் நாடவில்லை. அதே ஆண்டில் அலிகரிலேயே 'உர்தூ-ஏ-முஅல்லா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெரிய லாபம் தராத தொழில் என்று தெரிந்தே அதில் இறங்கினார்.

1908-இல் சோதனை வந்தது. எகிப்தில் ஆங்கிலேயர் நடத்திய ஆட்சியைக் கண்டித்து எழுதியவர் பெயரில்லாத ஒரு கட்டுரை அவர் பத்திரிகையில் வெளிவந்தது. எழுதியவர் யார் என்று சொல்லிவிட்டால் தாம் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் அவர் வாய் திறக்கவில்லை. பொறுப்பு முழுவதையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். கடுங்காவல் தண்டனையும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதம் கட்டப் பணமில்லை. அதற்காக, ஆயுளெல்லாம் தேடிச் சேர்த்த அருமையான நூல்கள் அற்ப விலைக்கு ஏலம் போயின.

சிறையில் அவருக்குக் கிடைத்த வேலை மாவு அரைப்பது. கவிதை எழுதிய கை நாள்தோறும் மணங்குக் கணக்கில் தானியத்தைத் திரிகையில் இட்டுச் சுழற்றியது. அந்த ஆண்டின் ரமளான் மாதமும் சிறைக்குள்ளேயே வந்தது. ஸஹருக்கென்று தனி உணவில்லை, நோன்பு திறப்பதற்கென்று ஏற்பாடு எதுவுமில்லை. இருந்தும் நோன்பு தவறவில்லை. பிற்காலத்தில் அவர் எதையும் வேண்டாமென்று சொல்லப் பழகியதற்கு அந்தத் திரிகைதான் முதல் பாடசாலை எனலாம்.

விடுதலையாகி வந்தபின் பத்திரிகை மீண்டும் தொடங்கியது. 1913-இல் அரசாங்கம் 3,000 ரூபாய் ஜாமீன் கட்டச் சொல்லவே அச்சகம் நின்றுபோனது. எஞ்சியது என்ன? பிறரிடம் கையேந்துவது ஒரு வழி. கொள்கையை விட்டுவிட்டு அரசாங்கத்தின் தயவை நாடுவது இன்னொரு வழி. மௌலானா மூன்றாவது வழியைத் தேர்ந்தார். அலிகரில் உள்நாட்டுத் துணி விற்கும் சிறு சுதேசிக் கடை ஒன்றைத் திறந்தார். கவிஞராக இருந்தவர் அரசியல்வாதி ஆனார், இப்போது வியாபாரியும் ஆகிவிட்டாரே என்று அல்லாமா ஷிப்லி நுஃமானி அவர்கள் வேடிக்கையாக வியந்தார்களாம். ஹலாலான தொழில் எதுவும் இழிவல்ல என்பதை மௌலானா சொல்லாமல் செய்து காட்டினார்.

கடையில் விற்றதையே அவர் உடுத்தினார். சுதேசி என்பது வாடிக்கையாளருக்கு மட்டுமான சட்டமாக இருக்கவில்லை. ஒரு குளிர்கால இரவில் விருந்தினராகத் தங்கிய வீட்டில் வெளிநாட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்களென்றும், அதைத் தொடாமலே அவர் குளிரில் இரவைக் கழித்தார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

நிற்க. இந்த வரலாற்றில் பாதிக்கு மேல் இன்னொருவருக்கு உரியது. அவர்தாம் மௌலானாவின் மனைவி நிஷாத்துந்நிஸா பேகம். அரபி, பார்ஸி, உர்தூ கற்ற பெண்மணி. 1908-இல் கணவர் கைதானபோது சிறு மகள் நயீமா நோயுற்றுக் கிடந்தாள். அந்த நிலையிலும் வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தைரியமாக இருங்கள் என்ற கருத்தில் அவர் சிறைக்குக் கடிதம் எழுதினார். 1916-இல் மௌலானா மீண்டும் சிறை சென்றபோது வழக்கு, கடிதப் போக்குவரத்து, வீடு, கடை ஆகிய அனைத்தும் அவர் தோளில் விழுந்தன. நிலைமையைக் கண்டு மனமிரங்கிய அன்பர் ஒருவர் பண உதவி செய்ய முன்வந்தார். அம்மையார் மரியாதையோடு மறுத்தார். தம்மிடம் விற்காமல் கிடந்த கவிதைத் தொகுப்புகளை விற்றுத் தந்தால் அதுவே போதுமான உதவி என்றார். தானமாக வந்ததை ஏற்கவில்லை, தம் பொருளுக்குரிய விலையைத்தான் கேட்டார்.

அதே அம்மையார் 1917 டிசம்பரில் நம் சென்னைக்கும் வந்திருக்கிறார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்த சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையிலான தூதுக்குழுவில் அவரும் இடம்பெற்றார். வீட்டுச் செலவைக் கட்டாகப் பிடித்தவர் என்பதால் உலகம் அறியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது.

பின்னர் குடும்பம் கான்பூருக்குக் குடியேறியது. அதுவும் திருப்பூரைப் போலத் துணியால் பிழைத்த ஊர்தான். அங்கே கிலாபத் சுதேசி ஸ்டோர் என்ற கடை உருவாயிற்று. மௌலானா பொதுவாழ்வில் அலைந்த காலங்களில் கடைப் பொறுப்பை அம்மையார் கவனித்தார். 1921-இல் அஹமதாபாத் காங்கிரஸில் முழு விடுதலை வேண்டும் என்று மௌலானா தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகளே அப்போது அதை ஏற்கவில்லை. 1922-இல் மறுபடியும் சிறை. 1925-இல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவராகவும் இருந்தார். அவருடைய அரசியல் கருத்துகள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் உழைப்பவனின் பசியை அவர் அறிந்திருந்தார் என்பதை எவரும் மறுக்க முடியாது. அதே 1925-ஆம் ஆண்டளவில்தான் திருப்பூரில் குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகர் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டார் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

1937-இல் நிஷாத்துந்நிஸா அம்மையார் காலமானார். அதன்பின் மௌலானாவின் வாழ்க்கை இன்னும் எளிமையாயிற்று. 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது டில்லியில் அரசாங்க வீடும் படிப்பணமும் அவருக்குக் காத்திருந்தன. அவரோ பள்ளிவாசலில் தங்கினார். பலரோடு சேர்ந்து வாடகைக் குதிரை வண்டியில் சபைக்குப் போனார். ரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார். சபையில் எவருக்கும் அஞ்சாமல் மாற்றுக் கருத்துப் பேசினார். பேசாமலிருப்பதற்கு ஈடாக அவருக்குக் கொடுக்கக்கூடிய பொருள் எதுவும் யாரிடமும் இருக்கவில்லை.

இத்தனை சிக்கனமும் எதற்காக? அந்தக் கேள்விக்கு அவருடைய ஹஜ்ஜுப் பயணங்களும் ஒரு விடை. காதிரிய்யா தரீக்காவைச் சார்ந்தவர், ஃபரங்கி மஹல் பெரியோர்களின் முரீது. பத்துக்கும் மேற்பட்ட முறை ஹஜ்ஜுச் செய்யும் பாக்கியம் பெற்றார். செல்வந்தரும் தயங்கும் செலவை அவர் எப்படிச் செய்தார்? தம் உடலின் வசதிக்குச் செலவிடாததை அல்லாஹ்வின் பாதைக்கு ஒதுக்கி வைத்தார். 1951 மே 13 அன்று லக்னோவில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இனி, நம் வீடுகளுக்கு இந்த வாழ்க்கை சொல்லும் பாடம் என்ன?

முதலாவது, சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. செலவிடும்போது விரயமும் செய்யாமல், கையை இறுக்கியும் கொள்ளாமல், இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களே ரஹ்மானின் அடியார்கள் என்று ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம் அறிவிக்கிறது. மௌலானா தம் தேவையைத்தான் குறைத்தார், பிறருக்குரிய ஹக்கைக் குறைக்கவில்லை. மனைவி மக்களின் உணவில் மிச்சம் பிடித்துத் தம் தேநீருக்கும் புகைக்கும் செலவிடுகிறவர் சிக்கனக்காரர் ஆகமாட்டார்.

இரண்டாவது, கணக்கு இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிஷாத்துந்நிஸா அம்மையார் கடையின் நிலையை அறிந்திருந்ததால்தான் கணவர் சிறையிலிருந்தபோது குடும்பம் நிலைகுலையவில்லை. சனிக்கிழமைக் கூலி எவ்வளவு, கம்பெனியில் வாங்கிய முன்பணம் எவ்வளவு, கடைப்பாக்கி எவ்வளவு என்பவை வீட்டுப் பெண்மணிக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. நம் ஊர்த் தொழிலில் ஆர்டர் குவியும் மாதமும் உண்டு, ஆர்டரில்லாமல் மெஷின் சும்மா கிடக்கும் மாதமும் உண்டு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வாரங்களில் அந்த அரை ஷிப்ட் கூலியைத் தொடாமல் வைத்திருந்தால், வேலையில்லாத வாரத்தில் அடுத்தவர் வாசலை மிதிக்க வேண்டியிராது.

மூன்றாவது, கடனைப் பற்றியது. சிறு வருவாய்க்காரரின் பரக்கத்தை அரிப்பது அரிசி விலை மட்டுமல்ல. வாரத் தவணை வட்டியும் அரிக்கிறது. கல்யாணத்தில் ஊர் மெச்ச வேண்டும் என்று வாங்கும் கடன், பெருநாளைக்கு ஆடம்பரத் துணி எடுக்க வாங்கும் கடன், இவை வட்டி என்ற ஹராமின் வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. ஹஜ்ஜும்கூட வசதி பெற்றவர் மீதுதான் கடமை. வட்டிக்கு வாங்கி ஹஜ்ஜுக்குப் போகச் சொல்லி மார்க்கம் யாரையும் பணிக்கவில்லை. தவிர்க்க முடியாத தேவை வந்தால் உறவினரிடமோ, மஹல்லாவில் பைத்துல் மால் இருந்தால் அங்கோ வட்டியில்லாக் கடன் கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அம்மையாரைப் போல, தம்மிடமுள்ள பொருளையோ உழைப்பையோ விற்றுத் தரக் கேட்பது அதனினும் மேல்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மௌலானா வறுமையைத் தாமாகத் தேர்ந்துகொண்டார். நம் தொழிலாளிக்கு அது தேர்வல்ல, அவன்மேல் விழுந்த பாரம். வயிறு நிரம்பியவர் பசித்தவரிடம் போய்ப் போதுமென்ற மனத்தைப் போதிப்பது முறையாகாது. பசித்தவருக்குச் சிக்கனம் ஒரு தற்காப்பு. வசதியுள்ளவருக்கோ அது ஒரு கடமை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. கம்பெனி நடத்தும் சகோதரர்கள் கூலியை நாள் கடத்தாமல் கொடுத்து, ஜகாத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால், பல வீடுகளில் தவணைக்காரரின் குரல் கேட்காது.

கனாஅத் என்னும் போதுமென்ற மனம் படைத்தவர் எவருக்கும் அடிமையாவதில்லை. மௌலானாவின் நூல்களை அரசாங்கம் ஏலம் விட்டது. அவருடைய அச்சகத்தையும் நிறுத்தியது. ஆயினும் அவரை விலைக்கு வாங்க முடியவில்லை. சனிக்கிழமைக் கூலியில் வாழும் நம் வீடுகளிலும், அளவோடு உண்டு, வட்டிக்கு வாங்காமல், தலைநிமிர்ந்து நடக்கும் ஆணும் பெண்ணும் அவ்வழியில் வந்தவர்களே.

அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், அதில் பரக்கத்தையும், கிடைத்ததில் நிறைவு கொள்ளும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.